கொத்தின் நடுவே குளிர்ந்த வாயு



பெர்சியஸ் விண்மீன் குழு இருக்கும் திசையில், நம்மிடமிருந்து ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டு தொலைவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலக்ஸிகள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு கூட்டமாய் இருக்கின்றன. அதைப் பெர்சியஸ் கொத்து என்கிறோம். அதன் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும் பெரிய காலக்ஸிக்கு என்.ஜி.சி. 1275 என்று பெயர். இன்றைய பேச்சில் பெரும்பகுதி இந்த ஒரு காலக்ஸியைச் சுற்றியே நடக்கும். இதுபோலவே வேறு கொத்துகளின் நடுவில் இருக்கும் இரண்டு மூன்று காலக்ஸிகளும் இடையிடையே வரும். அவற்றின் விண்மீன்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அங்கே இருக்கும் குளிர்ந்த வாயுவை எப்படிப் பார்த்தார்கள், ஏன் இவ்வளவு பாடுபட்டுப் பார்த்தார்கள் என்பதே என் பேச்சு.

காலக்ஸிக் கொத்து என்றதும் காலக்ஸிகள்தான் கண்முன் வரும். ஆனால் கொத்தில் உள்ள சாதாரணப் பொருளில், அதாவது அணுக்களால் ஆன பொருளில், பெரும்பங்கு காலக்ஸிகளுக்குள் இல்லை. அவற்றுக்கு இடைப்பட்ட வெளியில் வாயுவாகப் பரவிக் கிடக்கிறது. கொத்தின் எல்லா விண்மீன்களையும் சேர்த்து நிறுத்தாலும் அதைப்போல் பல மடங்கு எடை இந்த வாயுவுக்கு. கரும்பொருள் இதையும் விஞ்சும். அதை இன்றைக்கு ஒதுக்கி வைத்துக்கொள்வோம். பெர்சியஸில் இந்த வாயு நடுப்பகுதியில் 3 கோடி டிகிரி, வெளியே போகப்போக 7, 8 கோடி டிகிரி. அடர்த்தியோ மிகமிகக் குறைவு. நெருக்கமான நடுப்பகுதியிலேயே ஒரு லிட்டர் இடத்தில் சில பத்துத் துகள்கள்தான் இருக்கும்.

அவ்வளவு சூடான வாயு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒளிராது. எக்ஸ் கதிரில்தான் ஒளிரும். எக்ஸ் கதிர் நம் காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால் விண்ணில் கருவி ஏறும்வரை இந்தப் பெரும்பங்குப் பொருள் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. 1970 டிசம்பர் 12 அன்று, கென்யாவின் விடுதலை நாளில், அந்நாட்டுக் கடற்கரையை ஒட்டிய மேடையிலிருந்து உஹுரு என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கொத்துகள் எக்ஸ் கதிரில் பரந்து ஒளிர்வதை அது காட்டியது. 1976-இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் பெர்சியஸின் எக்ஸ் கதிர் நிறமாலையில் இரும்பின் கோட்டைக் கண்டது. எலக்ட்ரான்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்த இரும்பு அது. கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில்தான் இரும்பு அந்த நிலைக்கு வரும். ஒளிர்வது சூடான வாயுவே என்பதில் அதன்பின் யாருக்கும் ஐயம் இல்லை.

இங்கேதான் சிக்கல் பிறந்தது. ஒளிரும் பொருள் ஆற்றலை இழக்கிறது. ஆற்றலை இழந்தால் குளிர வேண்டும். அடர்த்தி இரண்டு மடங்கானால் ஒரே அளவு இடம் வெளியிடும் ஒளி நான்கு மடங்காகும். ஆகவே நெருக்கமான நடுப்பகுதி மிக வேகமாகக் குளிர வேண்டும். பல கொத்துகளில் நடுப்பகுதி வாயு குளிர்ந்து தீர 100 கோடி ஆண்டுகூட வேண்டாம் என்று கணக்கு வந்தது. அண்டத்தின் வயதோ 1380 கோடி ஆண்டு. குளிரும் வாயுவின் அழுத்தம் குறையும். மேலே இருக்கும் வாயு தன் எடையால் அழுத்த, அது நடுவை நோக்கி இறங்கும். இறங்கினால் இன்னும் நெருங்கும், இன்னும் வேகமாகக் குளிரும். 1977-இல் கோவியும் பின்னியும் ஒருபுறம், ஃபேபியனும் நல்சனும் மறுபுறம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். குளிர்ந்து இறங்கும் வாயு ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களின் எடை என்றார்கள். சில கொத்துகளுக்கு ஆயிரம் என்றுகூட விடை வந்தது. நம் பால்வழி மண்டலம் ஓர் ஆண்டில் ஒன்றிரண்டு சூரியன்களின் எடைக்குத்தான் புது விண்மீன்களை உண்டாக்குகிறது என்பதை இதோடு வைத்துப் பார்த்தால் இந்த அளவு எவ்வளவு பெரியது என்று புரியும்.

அப்படியானால் குளிர்ந்த வாயு எங்கே? கணக்குப்படி அது மலைபோலக் குவிந்திருக்க வேண்டும். அத்தனையும் விண்மீன்களாகியிருந்தால் நடுக் காலக்ஸி இளம் விண்மீன்களால் நீலமாய்த் தகதகக்க வேண்டும். சில காலக்ஸிகளில் கொஞ்சம் நீலம் இருந்தது. கணக்குக்கு ஈடான நீலம் எங்கும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மங்கல் விண்மீன்களாகிவிட்டது என்றார்கள் சிலர். நாம் பார்க்கத் தெரியாத வடிவில் உறைந்து கிடக்கிறது என்றார்கள் சிலர். இருபது ஆண்டுக்கு மேல் இந்த வழக்கு ஓடியது.

1999 டிசம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோளில் ஒரு நிறமாலைமானி இருந்தது. அது என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 3 கோடி டிகிரியில் இருக்கும் வாயு 10,000 டிகிரிக்குக் குளிர வேண்டுமானால் இடைப்பட்ட எல்லா வெப்பநிலைகளையும் கடந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் இரும்பு வெவ்வேறு எண்ணிக்கையில் எலக்ட்ரான்களை இழந்திருக்கும். அந்தந்த நிலைக்கு உரிய கோடு நிறமாலையில் விழும். 50 லட்சம் டிகிரியை ஒட்டி, 16 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு வலுவான கோடுகளைத் தரும். நூற்றுக்கணக்கான சூரியன்களின் எடை ஆண்டுதோறும் அந்த வழியாகக் குளிர்ந்து இறங்கினால் அந்தக் கோடுகள் தப்பவே முடியாது. ஜான் பீட்டர்சனும் உடன் ஆய்ந்தவர்களும் ஏபெல் 1835 என்ற கொத்தின் நிறமாலையை 2001-இல் வெளியிட்டார்கள். கோடுகள் எதிர்பார்த்த அளவில் இல்லை. மற்றக் கொத்துகளைப் பார்த்தபோதும் அதே கதைதான். வெளிப்புற வெப்பநிலையில் மூன்றில் ஒரு பங்கு வரை வாயு குளிர்கிறது; அதற்குக் கீழே ஏறக்குறைய ஆளே இல்லை. இருக்க வேண்டியது இல்லை என்று இவ்வளவு துல்லியமாக எடுத்துக்காட்டிய ஆய்வுகள் வானியலில் குறைவு. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த அளவீடு எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

வாயு குளிரவில்லை என்றால் யாரோ அதைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான விடை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999 ஜூலையில் விண்ணுக்குப் போன சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகத்திலிருந்து வந்தது. பெர்சியஸின் நடுவைச் சந்திரா படம் பிடித்தபோது சூடான வாயுவுக்குள் பெரிய குமிழிகள் துலக்கமாய்த் தெரிந்தன. முன்பே 1993-இல் ரோசாட் செயற்கைக்கோளின் படத்தில் அவற்றின் சாயல் தெரிந்திருந்தது. என்.ஜி.சி. 1275-இன் மையத்தில் இருக்கும் கருந்துளை இரு பக்கமும் பீய்ச்சும் தாரைகள் வாயுவைத் தள்ளி உண்டாக்கிய குமிழிகள் அவை. குமிழிகளைச் சுற்றி வட்டவட்டமாய் அலைகளும் தெரிந்தன. ஆண்ட்ரூ ஃபேபியனின் கேம்பிரிட்ஜ் குழு 2003-இல் அவை ஒலி அலைகள் என்று அறிவித்தது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு. பியானோவின் நடு ‘சி’யைவிட 57 ஸ்தாயி கீழே ஒலிக்கும் ‘பி ஃபிளாட்’ சுரம் அது. மற்றக் கொத்துகளிலும் குமிழிகள் வரிசையாகத் தென்பட்டன. குமிழிகளை ஊதச் செலவான ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்த்தால், வாயு ஒளியாக இழக்கும் ஆற்றலை அது பல இடங்களில் ஈடுகட்டுகிறது. புனே அருகே கோடாட்டில் இருக்கும் நம் நாட்டு ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கிக்கும் இந்த வேலையில் பங்கு உண்டு. ஒஃபியூக்கஸ் கொத்தில் கருந்துளையின் பழைய பெரும் சீற்றமொன்றின் தடத்தை 2020-இல் உறுதிசெய்தவற்றில் அதுவும் ஒன்று.

இதோடு கதை முடிந்தது, கருந்துளை சூடாக்குகிறது, வாயு குளிர்வதில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். அப்படி எழுதிய புத்தகங்களும் உண்டு. ஆனால் குளிர்ந்த வாயு அங்கே இருக்கிறது. கணக்கிட்ட அளவில் இல்லையே தவிர, அலட்சியப்படுத்தும் அளவிலும் இல்லை. என்.ஜி.சி. 1275-ஐச் சுற்றிச் சிவப்பு இழைகள் பரவியிருப்பதை மின்கோவ்ஸ்கி 1957-இலேயே ஆராய்ந்தார். ரோஜர் லிண்ட்ஸ் 1970-இல் அவற்றை அழகாகப் படமெடுத்தார். 10,000 டிகிரியை ஒட்டிய ஹைட்ரஜன் தரும் சிவப்பு அது. ஒரு லட்சம் ஒளியாண்டுக்கு மேல் அந்த இழைகள் விரிந்து கிடக்கின்றன. 2008-இல் வெளியான ஹபிள் படம் இன்னும் நெருங்கிக் காட்டியது. ஒரு தனி இழை 200 ஒளியாண்டு அகலம், 20,000 ஒளியாண்டு நீளம். அகலத்தைப்போல் நூறு மடங்கு நீளம், ஆனாலும் அறுந்து சிதறவில்லை. சுற்றிலும் கோடிக்கணக்கான டிகிரியில் கொதிக்கும் வாயு. அதற்குள் இப்படி ஒரு மெல்லிய குளிர்ந்த நூல் எப்படிப் பல கோடி ஆண்டு தாக்குப்பிடிக்கிறது? காந்தப்புலம் அதைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும் என்று ஃபேபியன் குழு காட்டியது. பூமியின் காந்தப்புலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத புலம் அதற்குப் போதும்.

சிவப்பாய் ஒளிர்வது இழையின் தோல் மட்டும்தான். எடை முழுவதும் உள்ளே, உறைகுளிரில், மூலக்கூறு ஹைட்ரஜனாக இருக்கிறது. அங்கேதான் பார்ப்பவருக்குப் பெருந்தொல்லை. அண்டத்திலேயே மிக அதிகமாக இருக்கும் மூலக்கூறு ஹைட்ரஜன். குளிர்ந்துவிட்டால் அதன் குரலே கேட்காது. இரண்டு அணுக்களும் ஒரே மாதிரி என்பதால் அந்த மூலக்கூறுக்கு மின் இருமுனை இல்லை. சுழன்றாலும் எளிதில் கதிர் வீசாது. அதனால் வானியலார் அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது சில பத்து கெல்வின் குளிரிலும் சுழன்று, 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் தன் கோட்டைத் தரும். கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று அளந்து, நம் காலக்ஸியில் கண்ட விகிதத்தைக் கொண்டு ஹைட்ரஜன் எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள். அந்த விகிதம் கொத்தின் நடுவிலும் செல்லுமா என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. ஆகவே நான் சொல்லும் எடைகளைச் சற்றுக் கூடவோ குறையவோ வைத்துக்கொள்ளுங்கள்.

என்.ஜி.சி. 1275-இல் இந்தக் கோடு 1989-இல் கிடைத்தது. ஸ்பெயினில் சியரா நெவாடா மலைமேல் இருக்கும் 30 மீட்டர் ஐராம் தொலைநோக்கியும் அதைப் பார்த்தது. அது நல்ல தொடக்கம் என்று பலர் மற்றக் கொத்துகளிலும் தேடினார்கள். 1990-களில் தேடியவர்களுக்கெல்லாம் ஏமாற்றம்தான். அதன் காரணம் வாயுவில் மட்டும் இல்லை, கருவியிலும் இருந்தது. அந்தக் கோட்டின் பலம் ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. வானமும் கருவியும் சேர்ந்து போடும் இரைச்சலோ நூறு கெல்வினுக்கு மேல். தொலைநோக்கியின் துணை ஆடியை ஆட்டி ஆட்டி, இலக்கை ஒரு நொடி, பக்கத்து வெறும் வானத்தை ஒரு நொடி என்று மாற்றிப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மணிக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. வாயு எல்லாத் திசையிலும் ஓடுவதால் கோடு வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேக அகலத்துக்குப் பரந்துவிடும். அன்றைய ஏற்பிகள் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய பட்டையோ ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். கருவியின் அடிக்கோடு லேசாக அலைபாய்ந்தால் போதும், கோடு அதில் கரைந்துவிடும். காலக்ஸி நம்மைவிட்டு விலகுவதால் கோடு நகரும் அளவை, அதாவது செந்நகர்வை, சற்றுத் தப்பாக வைத்துக்கொண்டாலும் கோடு பட்டைக்கு வெளியே போய்விடும்.

அலஸ்டேர் எட்ஜ் 2001-இல் வெளியிட்ட ஆய்வுக்கு இதனால்தான் நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன். சிவப்பு இழைகள் நன்றாகத் தெரிந்த கொத்துகளாகப் பார்த்து, செந்நகர்வு துல்லியமாக அறிந்தவற்றை அவர் தேர்ந்தெடுத்தார். ஹவாயின் ஜேசிஎம்டி, ஸ்பெயினின் ஐராம் ஆகிய இரண்டு தொலைநோக்கிகளிலும் பொறுமையாக உட்கார்ந்து 16 நடுக் காலக்ஸிகளில் கார்பன் மோனாக்சைடைக் கண்டார். சலோமேயும் காம்பும் 2003-இல் இன்னும் பல கொத்துகளைத் தேடிப் பட்டியலை நீட்டினார்கள். சூரியனைப்போல் 100 கோடி மடங்கு முதல் பத்தாயிரம் கோடி மடங்கைத் தாண்டியும் மூலக்கூறு வாயு அங்கே இருந்தது. என்.ஜி.சி. 1275-இல் மட்டும் 4,000 கோடி சூரியன்கள் அளவு. சிவப்பு ஒளி எங்கே பலமாக இருந்ததோ அங்கே குளிர்ந்த மூலக்கூறும் அதிகம். சுற்றியுள்ள சூடான வாயு 100 கோடி ஆண்டுக்குள் குளிரும் நிலையில் எங்கே இருந்ததோ அங்கே மட்டும் இரண்டும் இருந்தன. அது தற்செயலாக இருக்க முடியாது. குளிர்ந்த வாயு மேலேயுள்ள சூடான வாயுவிலிருந்துதான் வருகிறது. முழு வெள்ளமாக வராமல் கசிவாக வருகிறது.

இந்தக் கசிவு எப்போது தொடங்கும் என்பதற்கு 2012-இல் மெக்கோர்ட், பிரதீக் சர்மா, குவாட்டேர்ட், பாரிஷ் ஆகியோர் ஓர் அளவுகோல் சொன்னார்கள். சர்மா இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றுபவர். வாயு குளிர ஆகும் காலத்தை, அது நடுவுக்கு விழ ஆகும் காலத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் பத்துக்குக் கீழே இறங்கினால் வாயுவில் உள்ள சிறு கட்டிகள் மூழ்கி மறைவதற்குள் தனியே குளிர்ந்து திரண்டுவிடும். மேலே இருந்தால் திரளாது. பிற்பாடு பலர் இந்த எண்ணைத் திருத்தினார்கள், சண்டையும் போட்டார்கள். ஆனாலும் குளிர்ந்த வாயு இருக்கும் கொத்துகளையும் இல்லாத கொத்துகளையும் பிரித்துக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இனி ஆல்மா. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்கள் ஒரே கருவியாய் இயங்குகின்றன. கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்கும் திறன் அதனால் வந்தது. கும்ப விண்மீன் குழுவின் திசையில், 100 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஏபெல் 2597 கொத்தின் நடுக் காலக்ஸியை கிராண்ட் ட்ரெம்ப்ளே குழு ஆல்மாவில் பார்த்தது. 2016-இல் வெளியான அந்த நிறமாலையை நீங்கள் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடின் கோடு அகன்ற மேடாக எழுகிறது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கருந்துளையின் மேல் நேராகக் குறிவைத்து எடுத்த நிறமாலையில், மேட்டின் ஒருபக்கத்தில் கத்தியால் கீறியதுபோல் மூன்று ஒடுங்கிய பள்ளங்கள். வினாடிக்கு ஏறத்தாழ 240, 275, 335 கிலோமீட்டர் வேகங்களில்.

தெருவிளக்கின் முன்னால் ஈசல் பறந்தால் அதன் நிழல் ஒரு கணம் நம் கண்ணில் படுமல்லவா? இங்கே விளக்கு, கருந்துளையை ஒட்டிய பகுதி வீசும் ரேடியோ ஒளி. ஈசல்கள் மூன்று குளிர்ந்த மேகங்கள். ஒவ்வொன்றும் பல பத்து ஒளியாண்டு அகலம், பல லட்சம் சூரியன்களின் எடை இருக்கலாம். பள்ளங்கள் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவை நீண்ட அலைநீளப் பக்கம் நகர்ந்திருந்தன. அப்படியானால் மேகங்கள் நம்மைவிட்டு விலகிப் போகின்றன. நிழல் விழுவதால் அவை நமக்கும் கருந்துளைக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். நம்மை விட்டு விலகினால் கருந்துளையை நோக்கித்தான் போகின்றன. கருந்துளைக்குச் சில நூறு ஒளியாண்டுக்குள் குளிர்ந்த மேகங்கள் விழுந்துகொண்டிருப்பதை இவ்வளவு நேராக அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

அதே குழு 2018-இல் முழுச் சுற்றையும் வரைந்து காட்டியது. மேலே குளிர்ந்து திரளும் வாயு இறங்குகிறது, கருந்துளை அதை உண்கிறது, தாரைகள் பீறிடுகின்றன, குமிழிகள் எழும்பும்போது கீழேயுள்ள குளிர்ந்த வாயுவையும் உடன் இழுத்துக்கொண்டு போகின்றன, அது மீண்டும் இறங்குகிறது. ஒரு காலக்ஸி அளவு ஊற்று என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கொத்தோடு ஒப்பிட்டால் கருந்துளை இருக்கும் இடமே தெரியாது. லட்சக்கணக்கான ஒளியாண்டு பரந்த சூடான வாயு எவ்வளவு குளிரலாம் என்பதை அதன் வாய்க்குள் போகும் சொற்பக் குளிர்ந்த வாயுதான் நிர்ணயிக்கிறது. குளிர்ந்த வாயு எடையில் சிறியது என்று இதைப் புறக்கணித்தால் கொத்தின் வரலாறே புரியாமல் போகும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

எல்லா இடத்திலும் இந்தக் கட்டுப்பாடு பலிப்பதில்லை. தென்துருவத் தொலைநோக்கி கண்டுபிடித்த ஃபீனிக்ஸ் கொத்து 570 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் நடுக் காலக்ஸி ஆண்டுக்கு 740 சூரியன்களின் எடைக்கு விண்மீன்களைப் பெற்றுக்கொண்டிருக்கிறது என்று மைக்கேல் மெக்டொனால்டு குழு 2012-இல் அறிவித்தது. பிற்பாடு எண் சற்று மாறினாலும் அளவு அந்த வரிசையில்தான். அங்கும் கருந்துளை தாரைகளை வீசுகிறது, குமிழிகளும் உண்டு. ஆனாலும் குளிர்ச்சியை அதனால் தடுத்து நிறுத்த முடியவில்லை. 1977-இல் போட்ட கணக்கு உண்மையில் நடக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது ஃபீனிக்ஸ்தான்.

அங்கே கோடி டிகிரி வாயுவும் தெரிந்தது, 10,000 டிகிரி வாயுவும் தெரிந்தது, இடையில் இருப்பது மட்டும் தெரியவில்லை. லட்சம் டிகிரிகளில் வாயு மிக வேகமாகக் குளிர்ந்துவிடும் என்பதால் எந்த நேரத்திலும் அங்கே இருப்பது கொஞ்சமே. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் நியானின் ஒரு கோட்டைத் தேடியது. ஐந்து எலக்ட்ரான்களை இழந்த நியான், 3 லட்சம் டிகிரியை ஒட்டிய வாயுவுக்குச் சாட்சி. எம்.ஐ.டி. ஆய்வர்கள் 2025-இல் அந்த வாயுவின் வரைபடத்தையே வெளியிட்டார்கள். சூடான வாயுவுக்கும் சிவப்பு இழைகளுக்கும் இடையிலான இடைவெளியில் அது சரியாகப் பொருந்தி அமர்ந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டாகக் காகிதத்தில் இருந்த படிக்கட்டின் நடுப்படி முதன்முறையாகக் கண்ணில் பட்டது.

பெர்சியஸுக்கு இது இன்னும் வாய்க்கவில்லை. ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள் 2016 பிப்ரவரியில் ஏறி, பெர்சியஸின் சூடான வாயு வினாடிக்கு 164 கிலோமீட்டர் வேகத்தில்தான் கொந்தளிக்கிறது என்று அளந்துவிட்டு, அடுத்த மாதமே கட்டுப்பாட்டை இழந்து சுழன்று உடைந்தது. அதன் வாரிசான எக்ஸ்ரிசம் 2023 செப்டம்பரில் ஏறியது. அதே துல்லியமான நிறமாலைமானி, நல்ல நிலையில் இயங்குகிறது. ஆனால் அதன் முன்னால் இருக்கும் பாதுகாப்புக் கதவு திறக்கவில்லை. அந்தக் கதவின் மெல்லிய சாளரம் 1.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழான எக்ஸ் கதிரை விழுங்கிவிடுகிறது. 16 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் கோடுகள் விழுவது அதற்கும் கீழே, 0.7-க்கும் 0.85-க்கும் இடையில். சூடான வாயுவின் ஓட்டத்தை எக்ஸ்ரிசம் அற்புதமாக அளக்கிறது. சென்டாரஸ் கொத்தில் வாயு ஒட்டுமொத்தமாகத் தளும்புவதை அது காட்டிவிட்டது. குளிரத் தொடங்கும் வாயு மட்டும் அந்த மூடிய கதவுக்குப் பின்னால் நிற்கிறது.

இழைகளுக்குள் தூசு எப்படி இருக்கிறது என்பதும் தீர்ந்தபாடில்லை. கோடி டிகிரி வாயுவில் மாட்டிக்கொள்ளும் தூசு வேகமாய் அரிக்கப்பட்டு அழிந்துவிடும். அங்கிருந்து குளிர்ந்து வந்த வாயுவில் தூசே இருக்கக்கூடாது. ஆனால் தூசின் மேற்பரப்பு இல்லாமல் இவ்வளவு ஹைட்ரஜன் மூலக்கூறு உண்டாவது கடினம். தூசும் அங்கே கண்ணால் பார்க்கும்படியே இருக்கிறது. நடுக் காலக்ஸியின் முதிய விண்மீன்கள் உதிர்த்த தூசைக் குமிழிகள் மேலே தூக்கிப்போய், குளிரும் வாயுவோடு கலந்துவிட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அது சரியா என்று பார்க்க, ஒரே இழையில் தூசின் அளவையும் வாயுவில் உள்ள உலோகங்களின் அளவையும் அடிமுதல் நுனிவரை அளக்க வேண்டும். வெப்புக்கும் ஆல்மாவுக்கும் அது எட்டக்கூடிய வேலைதான். இந்த அவையில் இருக்கும் மாணவர்களில் யாருக்காவது ஆய்வுத் தலைப்பு வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.